கமிட்டிக்காரன் மகள் சொன்ன முதல் சொல்

மிக்சி போட்டால் எங்கள் தெருக் குழந்தைகள் வீறிட்டு அழும். என் மகள் கயல்விழி மட்டும் தவழ்ந்து வந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். பயமே இல்லாத பெண் என்று நானும் என் மனைவி ரேவதியும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டோம். அவள் ரசித்தது சத்தத்தை அல்ல, கையில் ஏறிய அதிர்வை என்பது எங்களுக்குத் தெரியாது.

இதைப் படிக்கிற நீங்களும் இப்போது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. செஞ்சியில் விவசாயிகள் நெல் கொண்டுவந்து விற்கிற விற்பனைக்கூடத்தில் மூட்டை எடை போடுகிறவன். அந்த இடத்தைக் கமிட்டி என்றுதான் நாங்கள் சொல்வோம். காலேஜ் முடித்திருக்கிறேன், ஆனாலும் அங்கே எனக்குச் சோறு போடுவது என் தொண்டைதான். லாரி உறுமல், வியாபாரிகளின் பேரம், மூட்டை தூக்குகிறவர்களின் கூச்சல், இத்தனைக்கும் நடுவில் எடையைக் கத்திச் சொன்னால்தான் எழுதுகிறவருக்குக் கேட்கும்.

அந்தத் தொண்டையால் வீட்டில் ஒரு குழப்பம் வந்தது. கயலுக்கு ஒரு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. "கூப்ட்டா திரும்பவே மாட்டுதுங்க, எனக்கு இன்னாவோ டவுட்டா இருக்குது" என்றாள் ரேவதி. நான் கட்டிலில் உட்கார்ந்தபடியே "கயலு" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். அதே கட்டிலில் விளையாடிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள். நல்லாத்தான் கேட்கிறது, நீ சும்மா டென்ஷன் ஆகாதே என்றேன். நல்லவேளை, ரேவதி என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே என்னையும் இழுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள்.

அங்கே காது டாக்டரிடம் என் சோதனையை விவரித்தேன். நான் பேசுவதைக் கேட்டுவிட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க குரலுக்குக் கட்டில் பலகையே ஆடும் போல இருக்கே. குழந்தை அதுக்குத் திரும்பியிருப்பா" என்றார். பிறகு பெரா பரிசோதனை (குழந்தையைத் தூங்கவைத்து, காதில் கொடுக்கும் ஒலி மூளைத்தண்டு வரை போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். இரண்டு காதிலும் ஒலி போய்ச் சேரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கயல் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து, பஸ்ஸின் அதிர்வை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தாள்.

முதலில் காது மிஷின் போட்டுச் சில மாதம் பார்த்தார்கள். பலன் இல்லை. பிறகு சென்னையில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்செவிக்குள் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தி, ஒலியை நேராகச் செவி நரம்புக்குக் கொடுக்கும் அறுவை) செய்தார்கள். உள்ளே ஒரு பகுதி நிரந்தரமாக இருக்கும். வெளியே காதின் பின்னால் ஒரு சின்னக் கருவி, அதிலிருந்து போகும் வட்டமான வில்லை ஒன்று தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும்.

அறுவை செய்த டாக்டர் சொன்னதை நீங்களும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "நாங்க சத்தத்தை உள்ள அனுப்பிட்டோம். அதைப் பேச்சா மாத்த வேண்டியது நீங்க. சின்ன வயசுலதான் மூளை இதைச் சுலபமாக் கத்துக்கும். நாளாக ஆகக் கஷ்டம். வீட்டுல பேசுங்க, விளையாடுங்க. அதுதான் இனிமே மருந்து." அறுவை நன்றாக முடிந்தும் வீட்டில் பேச்சு கொடுக்காததால் ஊமையாகவே நின்றுபோன குழந்தைகளைப் பார்த்திருப்பதாகவும் சொன்னார். என் மகள் பேசுவாளா மாட்டாளா என்பது இனி என் வாயில் இருக்கிறது.

வாய்க்கா பஞ்சம்? காயம் ஆறி, டாக்டர்கள் கருவியை இயக்கிவைத்து, வீட்டுக்கு வந்த அன்றே ஆரம்பித்துவிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து, கமிட்டியில் எடை சொல்கிற அதே குரலில், "கயலு, இது பந்து" என்றேன். அவள் அலறிக்கொண்டு தலையிலிருந்த வில்லையைப் பிடுங்கி எறிந்தாள். அடுத்த நாளும் அப்படியே. என்னைக் கண்டாலே வில்லையில் கை வைக்க ஆரம்பித்தாள். ஊரெல்லாம் கேட்கிற என் குரல் என் பிள்ளைக்கு மட்டும் ஆகவில்லை.

விழுப்புரத்தில் கேட்டல் வழிப் பேச்சுப் பயிற்சி (கருவி வழியாகக் கேட்கும் ஒலிக்கு அர்த்தம் கற்றுக்கொடுப்பது) தரும் டீச்சர் ஒருவர் இருந்தார். வாராவாரம் போவோம். என்னைவிட வயதில் சின்னவர், கறார். "அண்ணா, அந்தக் கருவிக்கு நீங்க பக்கத்துல உக்காந்து சாதாரணமாப் பேசுனாப் போதும். கை நீட்டினாத் தொடுற தூரம். கத்தினா வார்த்தை ஒடஞ்சுதான் உள்ள போவும்" என்றார். எனக்குச் சாதாரணக் குரலே கிடையாது டீச்சர் என்றேன். "கத்துக்குங்க. பாப்பா எவ்வளோ கத்துக்குறா" என்றார்.

என்ன பொம்மை வாங்கட்டும் என்று கேட்டதற்கு, வீட்டில் இருப்பதே போதும் என்றார். வெங்காயம் உரித்தால் உரிப்பதைச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றினால் ஊற்றுவதைச் சொல்லுங்கள், குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். ரேவதி இதில் கெட்டிக்காரி. துணி மடிக்கும்போது ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு கதை சொன்னாள். நான் சாக்குப் பையைக் கொண்டுவந்தேன்.

கயலை மூட்டை மாதிரி தோளில் தூக்குவேன். தூக்கும்போது "ஏத்து". இறக்கும்போது "எறக்கு". வீட்டுக் கூடத்தின் இந்தக் கோடியில் ஏற்றி அந்தக் கோடியில் சாக்கின் மேல் இறக்குவேன். லாரியில் லோடு ஏற்றுகிறவர்கள் சொல்கிற சொல் இதுதான். என் வாயில் தானாக வந்தது. அவளுக்கு இந்த விளையாட்டு உயிர். என் பைக் சத்தம் நின்றதும் சாக்கை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். மாதங்கள் போயின. சிரித்தாள், திரும்பினாள், கை தட்டினாள். ஒரு சொல் வரவில்லை.

டீச்சர் எங்களை அங்கேயே விளையாடச் சொல்லிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. ஆனா நீங்க அவளுக்கு எடமே குடுக்கலையே. ஏத்துன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள தூக்கிடுறீங்க. அவ எதுக்குப் பேசணும்? சொல்லிட்டு நில்லுங்க. அவ முகத்தைப் பாத்துக்கிட்டு சும்மா இருங்க. அடுத்தது அவ முறை" என்றார்.

கமிட்டியில் சும்மா நிற்பவனை ஒதுக்கிவிடுவார்கள். ஒரு மூட்டை இறங்குவதற்குள் அடுத்தது எடைத்தட்டில் ஏற வேண்டும். அந்த வேகத்தில் ஓடிப் பழகிய உடம்புக்கு, குனிந்த வாக்கில் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்பது எத்தனை மூட்டை சுமந்தாலும் வராத வலி. கயல் கையைத் தூக்கினாள். சட்டையை இழுத்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "ஏங்க, புள்ள ஏங்கிப் போவுது, தூக்குங்களேன்" என்று ரேவதி கண் கலங்குவாள். தூக்கிவிடுவேன். மறுநாள் மறுபடியும் நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. "ஏத்து" என்றேன். நின்றேன். கயல் என் முகத்தைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கியது, ரேவதி நகரவில்லை. கயல் வாயைத் திறந்து மூடினாள். பிறகு, "ஏ... த்து" என்றாள்.

தூக்கினேன். எத்தனை முறை தூக்கினேன் என்று கேட்காதீர்கள். அவள் சொல்லச் சொல்லத் தூக்கினேன். ரேவதி பொங்கிய பாலைத் துடைத்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். "அம்மான்னு சொல்லல, நைனான்னு சொல்லல, ஏத்துன்னு சொல்லுது பாரு. லோடு ஏத்தப் பொறந்த பொண்ணு." நான் தெருவெல்லாம் சொன்னேன், மறுநாள் கமிட்டியில் சொன்னேன். அன்று நெல் கொண்டுவந்த பனமலை விவசாயி ஒருவரிடம், முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொன்னேன். எனக்கு வெட்கமில்லை, பெருமையாக இருந்தது.

அதன் பிறகு சொற்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒருநாள் மேலே தகரக் கூரையில் தொம்மென்று ஏதோ விழுந்தது. கயல் அண்ணாந்து பார்த்து, "இன்னா?" என்றாள். செஞ்சிக் கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த குரங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை என் மகள் காதால் பிடித்துவிட்டாள். அந்தக் குரங்குக்கு ஒரு வாழைப்பழம் வைத்தேன்.

பஸ்ஸில் ஓர் அம்மாள் கேட்டார், "இன்னாம்மா, புள்ள தலையில இன்னாவோ ஒட்டிக்கினு இருக்குது?" ரேவதி முன்பெல்லாம் துப்பட்டாவால் மறைப்பாள். அன்று மறைக்கவில்லை. "அதுவும் காதுதாங்க. உங்களுக்குக் கீழ இருக்குது, அவளுக்குக் கொஞ்சம் மேல இருக்குது" என்றாள்.

கயல் இப்போது அங்கன்வாடி போகிறாள். "ச"வும் "ர"வும் இன்னும் சரியாக வரவில்லை, கூட்டத்தில் பேசினால் திணறுகிறாள். பயிற்சி தொடர்கிறது. என் குரலும் தணிந்துவிட்டது. கமிட்டியில் கூட இருப்பவர்கள், "இன்னாண்ணா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்கிறார்கள். கட்டவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்கும் பழக்கம் வந்துவிட்டது. முன்பு நாள் என்பது லோடு முடிகிற வரைக்கும்தான். இப்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிகிறது.

குளிக்கும்போது கருவியைக் கழற்றி வைக்க வேண்டும். அப்போது அவளுக்கு எதுவும் கேட்காது. தன் குரலும் கேட்காது. முன்பெல்லாம் கழற்றியதும் வாயை மூடிக்கொள்வாள். போன வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முகத்தை வழித்துவிட்டு, அங்கன்வாடியில் ஒரு பையன் தன் முட்டையைப் பிடுங்கித் தின்ற கதையை ஆரம்பித்தாள். தன் காதுக்கே எட்டாத சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள். பிறகு நிறுத்தி, ஈரக் கண்ணிமையோடு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது என் முறை.