உப்புத் தண்ணீரில் போட்ட முட்டைகள்

எனக்கு அப்போது ஏழு வயது. வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். பனியன் கம்பெனி வேலைக்காகத் தூத்துக்குடிக் கடற்கரையை விட்டு வந்தவர் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை கடல்மீன் இல்லாவிட்டால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. அந்த வாரம் அம்மா, காய்ச்சல் என்று மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். மீன் கழுவும் வேலை அப்பா தலையில் விழுந்தது.

வாங்கி வந்தது கடல் கெளுத்தி. குத்தினால் விஷம் ஏறும் என்று முதலில் முதுகு முள்ளையும் பக்க முட்களையும் வெட்டி எறிந்தார். தலையைப் பிளந்ததும் வாய்க்குள்ளிருந்து கோலிக்குண்டு அளவில் மஞ்சள் முட்டைகள் உருண்டன. தன் முட்டையைத் தானே தின்கிற மீனா! அப்பாவிடம் கேட்டேவிட்டேன்.

"ஏட்டி, தின்னல. இது ஆம்பளை மீனு. சேத்துத் தண்ணியில பொட்டை முட்டை போட்டுட்டுப் போயிரும். குஞ்சு வெளிய வாற வரைக்கும் இதுதான் வாயில வச்சிக் காக்கும். அதுவரைக்கும் இரை எடுக்காது," என்று வயிற்றைக் கீறிக் காட்டினார். குடல் காலியாக இருந்தது.

அந்த முட்டைகளை நானே குஞ்சு பொரிக்கவைப்பது என்று முடிவுகட்டினேன். கடல் தண்ணீர் உப்பு. எங்கள் போர் தண்ணீரும் வாயில் வைக்க முடியாத உப்பு. அப்புறம் என்ன? ஒரு பக்கெட்டில் பிடித்து, கொஞ்சம் மண்ணும் கரைத்து, முட்டைகளைப் போட்டேன். கடலிலேயே வளர்ந்த அப்பா ஏனோ தடுக்கவில்லை. சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தாள். பக்கெட்டின் அருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் காலையில் அவளே தண்ணீர் மாற்றினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். "ஏனுங்க, என்னங்க இப்படி நாறுது? ஐஸ்ல வந்த முட்டை எங்கியாச்சும் பொரிக்குமாங்க?"

அப்பா பக்கெட்டைத் தூக்கிப் போய்ப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். மீன் முட்டைக்கா இத்தனை அழுகை என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அழாதம்மா. அடுத்த ஞாயித்துக்கெழம வேற வாங்கிக்கலாம்."

அவள் என்னை இறுக்கிக்கொண்டு இன்னும் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் நடந்தது காய்ச்சல் வைத்தியம் இல்லை, வயிற்றில் மூன்று மாதமாக இருந்த பிள்ளை கலைந்துவிட்டது என்று நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். அப்பா இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அந்த வாரம் முழுக்க அவர் தட்டில் சோறு அப்படியே மிஞ்சியது. குழம்பில் உப்புக் கூடிவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.