அண்ணத்தில் ஒரு கறுப்புப் புள்ளி

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். எனக்கு நாற்பது ஆகியிருந்தது. மதுரை கீழமாசி வீதியில் ஒரு தானியக் கிட்டங்கியில் தராசு பிடிக்கும் வேலை. அதிகம் பேசத் தெரியாதவன் நான். யாராவது ஏதாவது கேட்டால் முகம் சுட்டுவிடும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். இடது கன்னத்தில் எப்போதும் புகையிலையை அடக்கியிருப்பேன். வாயில் புகையிலை இருப்பவனிடம் யாரும் நீளமாகப் பதில் எதிர்பார்ப்பதில்லை. "ம்" என்றால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கெண்டை மீன் முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. மனைவி என்னை முற்றத்தில் வெயிலுக்கு நேராக உட்காரவைத்து, தலையைச் சாய்த்து வாய்க்குள் பார்த்தாள். அவள் உருட்டிக் கொடுத்த சோற்றோடு முள் இறங்கிவிட்டது. ஆனாலும் அவள் என் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏங்க, அண்ணத்துல கறுப்பா ஒண்ணு இருக்கே."

"வெத்தலைக் கறையா இருக்கும்."

"அது செவப்புல்ல இருக்கும்? இது மையாட்டம் இருக்கு."

என் பெரியண்ணன் வாயில் புற்று வந்துதான் செத்தார். கடைசி நாட்களில் கஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் பிழிந்தோம். அதைப் பற்றி அன்று நாங்கள் இருவருமே பேசவில்லை. மறுநாள் காலையில் அவளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பல் டாக்டர் சத்தமாகப் பேசுகிறவர். என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார்.

"வாயைத் தொறங்க. இன்னும் நல்லா. தாலி கட்டுறப்பகூட இம்புட்டு வெக்கப்பட்டிருக்க மாட்டீங்க போல."

"அன்னைக்கு இதைவிட மோசங்க," என்றாள் மனைவி.

அவர் ஒரு கம்பியின் முனையில் இருந்த வட்டக் கண்ணாடியை என் வாய்க்குள் விட்டார். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை என் கையில் கொடுத்து, "நீங்களும் பாருங்க" என்றார்.

பார்த்தேன். என் அண்ணம் முழுக்க வரிவரியாக இருந்தது. தண்ணீர் இல்லாத வைகையில் காற்று மணலைக் கோடு போட்டு வைத்திருக்குமே, அப்படி. நாற்பது வருஷம் ஒரு வீட்டில் குடியிருந்துவிட்டு, அன்றுதான் முதல் தடவையாக மச்சுக்கு ஏறிப் பார்த்தவன் போல எனக்கு மூச்சு நின்றது. அந்த வரிகளுக்குப் பின்னால், கடுகளவு, நீலம் கலந்த கறுப்பில் அந்தப் புள்ளி.

டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் போனீங்களா?"

"அஞ்சாப்பு வரைக்குங்க."

"பென்சிலை வாயில குத்திக்கிட்டீங்களா எப்பவாவது?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் அப்பா ஒரு பென்சில் வாங்கிக் கொடுத்தார். சிலேட்டுக் குச்சி இல்லை, நிஜப் பென்சில். அதைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடி, பள்ளிக்கூடத்துப் படியில் விழுந்தேன். வாயெல்லாம் ரத்தம். இத்தனை வருஷத்தில் நானே மறந்துபோனதை, முன்பின் தெரியாத ஒரு மனிதர் என் வாய்க்குள் பார்த்துச் சொல்கிறார்!

"அந்த முனைதான் உள்ள தங்கியிருக்கு. ஒண்ணும் செய்யாது. ஈறு கறுத்திருக்கு பாருங்க, அது உங்க தோல் நெறம் மாதிரி, கூடவே பொறந்தது. அதுவும் ஒண்ணும் செய்யாது."

மனைவி பெருமூச்சு விட்டாள். டாக்டர் என் இடது கன்னத்தை விரலால் ஒதுக்கினார்.

"பயப்பட வேண்டியது இதுக்குத்தான்."

புகையிலை அடக்கும் இடத்தில், காய்ந்த சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. வலியே கிடையாது. பஞ்சால் அழுத்தித் துடைத்தார். போகவில்லை.

"பிள்ளைகளுக்கு வாயில வெள்ளை வரும், துடைச்சா போயிரும். இது போகலை. நடுவுல செவப்பு இல்லை, அதுவரைக்கும் நல்லது. புகையிலையை இன்னைக்கே விட்டுட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க. அப்பவும் இருந்துச்சுன்னா வெட்டித்தான் பாக்கணும்."

ஆஸ்பத்திரி வாசலிலேயே மனைவி என் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

முதல் வாரம் கை தானாக மடியைத் தேடிக்கொண்டு போனது. அதைவிடக் கஷ்டம், கேட்டதற்கு வாயைத் திறந்து பதில் சொல்லவேண்டியிருந்தது. "அண்ணே, இந்த மூட்டையை எங்கிட்டுப் போட?" என்று சுமை தூக்குகிறவர் ஒருவர் கேட்டார். "செவரோரமாப் போடுங்க" என்றேன். அவர் மூட்டையோடு அப்படியே நின்று, "ஏப்பா, எல்லாரும் வாங்க, அண்ணனுக்குக் கொரல் இருக்கு!" என்று கத்தினார். எனக்கு முகம் சுட்டது. கன்னத்தில் ஒதுக்க ஒன்றும் இல்லை.

ஞாயிறுதோறும் மனைவி என்னை வெயிலில் உட்காரவைத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொள்ளவேண்டும். சில ஞாயிறு அந்த முகம் பிடிபடவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் கன்னத்தை ஒதுக்கி, வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவினார்.

"போயிருச்சு," என்றார். "இனிமே தொடாதீங்க. ஆறு மாசத்துக்கொரு தரம் வந்து காட்டுங்க."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்திருக்க வேண்டிய நான் எழுந்திருக்கவில்லை. வெளியாளிடம் "எனக்கு இது வேண்டும்" என்று அதற்குமுன் நான் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

"டாக்டரய்யா, அந்தக் கறுப்பை இன்னொரு தரம் பாத்துக்கிறலாமா?"

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அதே மணல் வரிகள். அதற்குப் பின்னால் அந்தப் பென்சில்.

"போதுங்க, வெளியில ஆளுக காத்திருக்காக," என்றாள் மனைவி.

நான் இன்னும் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.