நாக்கு சாரோடு இரண்டு நாள்

தேயிலைக் கம்பெனியில் அவருக்கு நாக்கு சார் என்று பெயர். வரிசையாக வைத்த கோப்பைகளில் ஒவ்வொரு கரண்டி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு, எது தேறும் எது தேறாது என்று சொல்வதுதான் இருபத்திரண்டு வருட உத்தியோகம். துப்புவதற்குச் சம்பளம் வாங்குகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வீட்டிலும் அவர் அதே அதிகாரிதான். துப்ப மாட்டார், தட்டை நாலு விரற்கடை தள்ளிவைப்பார்.

அவர் மனைவி நர்சுகள் விடுதியில் சமையல்காரி. தினமும் நூற்றிருபது பேருக்கு ஆக்கிப் போடுகிறவள். பதினான்கு வருடத்தில் ஒரு தட்டு மீந்து வந்ததில்லை. போன வருடம் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரு விஷக்காய்ச்சல் வந்து போனது. அதற்குப் பிறகுதான் பிடித்தது சனி. எதைச் சமைத்து வைத்தாலும் நாக்கு சார் ஒரு வாய் வைத்துவிட்டு, உப்புமில்லை உறைப்புமில்லை என்று தட்டைத் தள்ளினார். காய்ச்சலில் தன் கைப்பக்குவம் போய்விட்டது என்று அவள் நம்பினாள். தன் வாய்க்குச் சரியாகப் பட்டதையும் நம்பவில்லை. விடுதியிலும் ஒரு பிடி உப்பைக் கூட்டினாள். அவர் மறுபடி குறை சொன்னார், இன்னொரு பிடி ஏறியது. நர்சுகள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்கள். வார்டன் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் சமையல் திருந்தாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாள். வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே விழித்திருப்பாள். இவளோ, நூற்றிருபது நாக்கு சொல்வதைவிடக் கம்பெனி நாக்கு சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று எண்ணினாள். புருஷனை நம்புவதிலும் ஓர் அளவு வேண்டாமா?

“கை போச்சுன்னா போச்சுதான். அவங்க அனுப்பறதுக்கு முன்னால நீயே கௌரவமா நின்னுடு,” என்றார் நாக்கு சார். திங்கட்கிழமை வேலையை விட்டுவிடுவதாக அவளும் தலையாட்டினாள். அந்தப் பெருந்தன்மைக்குப் பரிசாக, சனி ஞாயிறு இரண்டு நாளும் கடற்கரை நகரத்துக்குக் கூட்டிப்போய், நல்ல சாப்பாடு என்றால் என்ன என்று அவளுக்குக் காட்டப்போவதாக அறிவித்தார். ஏழு சாப்பாட்டுக் கடைகளை நேரம் போட்டு ஒரு சீட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார்.

முதல் கடையில் வறுத்த மீன். உப்பு கச்சிதமாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அவரோ உப்பே இல்லை என்று முகத்தைச் சுளித்தார். இரண்டாவது கடையில் நண்டு, அதற்கும் அதே தீர்ப்பு. துறைமுகத்துக்கு எதிரே இருந்த மூன்றாவது கடையில் இறாலைத் தொடுவதற்கு முன்னால் அவர் தன் தட்டைப் பார்க்கவில்லை, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் மென்று விழுங்கி, நன்றாக இருக்கிறது என்பதுபோல் தலையசைத்த பிறகுதான் ஒன்றை வாயில் போட்டு, “பரவாயில்ல, இவனுக்குக் கைப்பக்குவம் இருக்கு,” என்றார். சமையல்காரிக்கு முன்னிரண்டு கடையிலும் அவர் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை, சீட்டிலிருந்த அடுத்த கடையில், ஜன்னலோர மேசைக்கு டீ வந்தது. அவர் கை கழுவப் போனார். அவள் மேசையிலிருந்த உப்புக் கிண்ணத்தை இழுத்து, அவர் கோப்பையில் மூன்று கரண்டி கொட்டிக் கலக்கினாள். இத்தனை வருடத்தில் அவர் சாப்பாட்டில் வேண்டுமென்றே அவள் செய்த முதல் பிழை அது.

நாக்கு சார் வந்து உட்கார்ந்தார். சத்தமாக உறிஞ்சி, கண்ணை மூடி, வாய்க்குள் சுழற்றி, விழுங்கினார். “இலை நல்ல இலை. கொதிக்கவிட்டதுதான் கொஞ்சம் ஜாஸ்தி,” என்றார். கோப்பையைக் காலி செய்து வைத்தார்.

“அதுல மூணு கரண்டி உப்பு இருந்துச்சுங்க,” என்றாள் அவள்.

அவர் கோப்பையைப் பார்த்தார், பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி ஒவ்வொன்றாகக் கக்கினார். காய்ச்சலோடு ருசி போய்விட்டதாம். கம்பெனியில் பக்கத்தில் நின்று சுவைப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் ஒரு வருடமாக ஓட்டுகிறாராம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், மானம் போய்விடும் என்றார்.

“அப்ப என் வேலை?”

அவர் காலிக் கோப்பையை நாலு விரற்கடை தள்ளிவைத்தார். ஒரு வருடமாக அவள் அடுப்படியில் அழுததை இந்த மனிதர் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கோபம் வந்தது, அதைவிடப் பெரிதாக ஆறுதலும் வந்தது. தன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கு விடுதிக்குப் போய் உப்பைப் பழைய அளவுக்கே போடலாம். வார்டனே வந்து ஒரு தட்டுச் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

பரிமாறுகிறவர் சூடான மீன் சூப் இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். அவள் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். நாக்கு சார் தன் கிண்ணத்தைத் தொடாமல் அவள் முகத்தையே பார்த்தார். முகம் ஒன்றும் சொல்லவில்லை.

“எப்படியிருக்கு?” என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் கேட்காத கேள்வி.

“அதச் சொல்றதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்,” என்று சொல்லிவிட்டு, அவள் நிதானமாகக் கிண்ணத்தின் அடிவரை குடித்தாள்.