நோட்டின் ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போ பழைய பொருள் சந்தையில், தெரிந்த கடைக்காரர் ஒருவர் மொரிசியஸ் அரசாங்கத்தின் பழைய ஒரு ரூபாய் நோட்டை நீட்டினார்.

"சுத்தமான நோட்டுலா அண்ணே. ஒரு கிறுக்கல் கெடையாது."

கையில் வாங்காமலேயே நகர்ந்துவிட்டேன். பாவம், விலையைக் கேட்கத்தான் பயந்தேன் என்று நினைத்திருப்பார்.

சுத்தமான நோட்டுக்கு உயிரை விட்ட ஆள் நான். டயர் கிடங்கில் கிளார்க்காகச் சேர்ந்த புதிதில் குட்டித் தீவுகளின் நோட்டுகளாகத் தேடிச் சேர்ப்பேன். உங்களுக்குச் சிரிப்பு வரும், பங்கோர் தீவுக்குப் படகில் போனாலே வாந்தி எடுக்கிறவன் நான். ஆல்பத்தைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசம். இன்றைக்கும் அந்த வாசம் வந்தால் பிலோமினா அக்கா ஞாபகம் வந்துவிடும்.

அக்கா எங்கள் கிடங்கில் பில் போடுகிறவர், வீடு ஈப்போவிலேயே சிலிபின் பக்கம். ஒருநாள் தன் அம்மாவின் பைபிளுக்குள் இருந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"மாமா அனுப்புனது. நீ பத்திரமா வச்சிருப்பன்னு அம்மாதான் குடுக்கச் சொன்னாங்க."

அந்த மாமா லூமுட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கப்பல் வேலைக்குப் போய் மொரிசியஸிலேயே தங்கிவிட்டாராம். நோட்டில் தமிழிலும் அச்சிட்டிருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓரத்தில் மட்டும் பென்சிலில் ஏதோ பொடி எழுத்து. அன்று சாயங்காலமே அழிரப்பரால் மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை.

சில மாதங்களில் அக்காவின் அம்மா படுத்துவிட்டார். அக்கா என் மேசைக்கு வந்தார்.

"நோட்டு ஓரத்துல மாமா அட்ரஸ் இருக்காம் தம்பி. எழுதிக் குடு. அம்மா கடிதம் போடணுங்கறாங்க."

"எழுத்து ஒண்ணும் இல்லியேக்கா."

அவ்வளவு சீக்கிரம் அந்தப் பொய் எப்படி வாயில் வந்ததோ. அக்கா நம்பினார். "வயசாச்சுலா, கொழப்பிக்கிறாங்க" என்று எனக்கே சமாதானம் சொன்னார். வீட்டுக்குப் போய் ஜன்னல் வெளிச்சத்தில் நோட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். 'ரோ' என்ற ஒரே எழுத்துத்தான் பள்ளமாகத் தெரிந்தது.

அம்மாவின் சாவு வீட்டில் அக்காவின் தம்பி கோப்பி கொடுத்தார். "கடைசில புத்தி தடுமாறிடுச்சுண்ணே. எழுதியிருந்திச்சு, நான் பாத்தேன்னு அதையே சொல்லி அழுதாங்க. நாங்கதான் அதட்டி அடக்குனோம்."

கோப்பியை முழுசாகக் குடித்தேன்.

எத்தனையோ வருஷம் கழித்து, சொல்லிவிடுவது என்று துணிந்து சிலிபினுக்குப் போனேன். அந்த வரிசை வீடுகளையே இடித்திருந்தார்கள். அக்கா குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. லூமுட் பக்கத்துத் தோட்டமும் செம்பனைத் தோட்டமாகி, இப்போது வீடமைப்புத் திட்டம்.

அந்த அம்மாவுக்குக் கடைசிவரை புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.