என் போனில் 'இடிச்ச ஆள்'

போன வருடம் நோன்பு தொடங்குவதற்குப் பத்து நாள் இருக்கும். ஷார்ஜாவில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. மகளைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருமுனை ரவுண்டானாவில், இடதுபக்கமிருந்து வரும் வண்டிகள் போகட்டும் என்று காரை நிறுத்திக் காத்திருந்தபோது, பின்னாலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். என் வெள்ளைக் கார் ஒரு முழம் முன்னால் போய் நின்றது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. லைசென்ஸ் டெஸ்டில் ஆறு தடவை ஃபெயிலாகி, ஏழாவது தடவை தேறியவள் நான். ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன் வேலை. அந்தச் சம்பளத்தில், என் பெயரில் பேங்க் லோன் போட்டு வாங்கிய முதல் கார் அது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பின்சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க மனம் வரவில்லை. கணவருக்கு சவுதியில், அல் கோபாரில் வேலை. அப்போது மூன்று வருடமாக அவர் அங்கே, நானும் மகளும் ஷார்ஜாவில்.

இறங்கிப் பார்த்தேன். டிக்கி மூடி உள்ளே போய், பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. பின்னால் நின்ற பழைய காரிலிருந்து ஒரு சூடான் நாட்டுப் பெரியவர் இறங்கினார். நீள வெள்ளை அங்கி, தலையில் பெரிய தலைப்பாகை. முன்சீட்டில் அவர் மனைவி, சூடான் பெண்கள் சேலை மாதிரி சுற்றிக்கொள்ளும் துணியில், ஒரு கையை மடிக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் என்னைப் பார்த்து, "மாலேஷ், மாலேஷ்" என்று மன்னிப்புக் கேட்டார்.

"கண்ணப் பொடதியிலயா வச்சிருக்கீரு?" என்று ஆரம்பித்தேன் நான். அப்புறம் நிறுத்தவே இல்லை. திருநெல்வேலித் தமிழ் அந்த மனிதருக்குப் புரிந்திருக்காது. ஆனால் என் குரலும் நான் நீட்டிய விரலும் போதுமான அளவுக்கு விளக்கியிருக்கும். நான் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்து, காரிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகிவிட்டு என்னிடம் நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போலீஸ் வந்தது. அங்கே யார் மேல் தப்போ அவருக்குச் சிவப்புத் தாள், மற்றவருக்குப் பச்சைத் தாள். போலீஸ்காரர் கேட்பதற்கு முன்பே பெரியவர் தன் நெஞ்சில் கை வைத்து, தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். பச்சைத் தாள் கையில் வந்ததும் எனக்கு எட்டாவது டெஸ்டிலும் பாஸான மாதிரி ஒரு பெருமை. எதற்கும் இருக்கட்டும் என்று பெரியவர் தன் நம்பரைக் கொடுத்தார். நான் பெயர் கேட்கவில்லை. 'இடிச்ச ஆள்' என்று போட்டுச் சேமித்துக்கொண்டேன்.

அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி சொன்ன கராஜில் பன்னிரண்டு நாளில் வேலை முடிந்தது. இடித்த சுவடே தெரியவில்லை. சாவியோடு ஒரு அரபித் தாளை நீட்டினார்கள். வளைகுடாவில் இருக்கும் நம்மவர்களுக்குத் தெரியும், அரபித் தாள் எதை நீட்டினாலும் நாம் கேட்கும் ஒரே கேள்வி, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்பதுதான். நானும் அதைக் கேட்டு, போட்டு, ஒரு பிரதியை டேஷ்போர்டில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து நல்ல செய்தி வந்தது. கணவருக்குக் குடும்ப விசா கிடைத்துவிட்டது. கோடை விடுமுறை முடிந்ததும் மகளை அங்கே பள்ளியில் சேர்த்துவிடலாம். மகள் காலண்டரில் நாள்களை அடிக்கத் தொடங்கினாள். செய்யவேண்டியது ஒன்றுதான், காரை விற்று லோனை அடைப்பது. லோன் அடையாமல் நாட்டை விட்டுக் கிளம்ப முடியாது.

பர் துபாயில் துணிக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் ஒருவர், தன் மகளுக்காக வண்டியைப் பேசியிருந்தார். விலையும் முடிவாகியிருந்தது. சோதனைக்குக் கொண்டுபோனவர், திரும்பி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி. வண்டி நல்ல வண்டிதான். ஆனா அடிபட்ட வண்டின்னு ரெக்கார்டுல வந்துடுச்சே. நாளைக்கு நான் விக்கப் போனா எனக்கும் இதே பேச்சுதானே?"

அவர் குறைத்துச் சொன்ன விலை லோனுக்கு எட்டவில்லை. வேறு நாலு பேரிடம் கேட்டேன். அவர்கள் சொன்னது அதைவிட மோசம். மிச்சத்தைச் சம்பளத்தில் சேர்த்து அடைப்பதானால் வருடக் கடைசி ஆகிவிடும். கணவர் அங்கே வீடு பிடித்து முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. மகளிடம் இன்னும் ஆறு மாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் துணிக்கடைக்காரர்தான் அன்று போகும்போது ஒரு வழியும் சொல்லியிருந்தார். "இடிச்சவங்க இன்சூரன்ஸ்ல ரிப்பேரு மட்டும் இல்லம்மா, வண்டியோட மதிப்பு கொறஞ்சதுக்கும் கேக்கலாம். நெறையப் பேருக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்க." விலையைக் குறைத்துக் கேட்டவரே, என் நஷ்டத்தை ஈடுகட்டும் வழியையும் தானாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த நல்ல மனதையும் இங்கே சொல்லாமல் விட்டால் எனக்கு ஆகாது.

மதிப்பீட்டாளரிடம் வண்டியைக் காட்டி, அடிபட்டதால் எவ்வளவு குறைந்தது என்று அறிக்கை வாங்கி, பச்சைத் தாளோடு பெரியவரின் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனேன். கவுண்டரில் வட இந்தியர் ஒருவர். கம்ப்யூட்டரைப் பார்த்தார். நான் கராஜில் கையெழுத்துப் போட்ட தாளைத் திரையில் காட்டினார். "எல்லாம் செட்டில் ஆயிடுச்சுன்னு நீங்களே சைன் பண்ணியிருக்கீங்க சிஸ்டர். கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்றார். ஏழு தடவை லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனவள், ஒரு தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

கணவருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏட்டி, அந்த இடிச்ச மனுசன்கிட்டயே கேட்டுப் பாக்க வேண்டியதுதான? அவரு கம்பெனிதான அது" என்றார்.

"நா எந்த மொகத்த வச்சிக்கிட்டுக் கேக்க? அன்னைக்கு நா பேசுன பேச்சு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாமலா? பதினாலு வருசமா கேக்கேனே" என்றார். அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் 'இடிச்ச ஆளை' அழைத்தேன். யார் என்று சொன்னதும், அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, "கழுத்து வலி ஏதும் இல்லையே, மகளே?" நாலு மாதம் கழித்துக் கேட்கிறார்! பின்னால் இடிபட்டால் கழுத்தில்தான் வலி வருமாம், அன்றைக்கே கேட்க நினைத்தாராம், நான் பேச விடவில்லையாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். கராஜில் தந்த தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பத்து நிமிடத்தில் அவரே அழைத்து, நாளைக் காலை அந்த அலுவலகத்துக்கு வருவதாகச் சொன்னார்.

அவர் பள்ளியில் அரபி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் என்று அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. கவுண்டரில் தாளை விரித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை நகர்த்தி, வகுப்பில் பாடம் எடுப்பது போல உரக்கப் படித்தார். பிறகு கவுண்டர்காரரைப் பார்த்து, "இதில் எல்லாம் முடிந்தது என்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். அவர் திரையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், காதைச் சொறிந்தார். அவருக்கும் அரபி படிக்கத் தெரியாது! அவர் சொன்னதை நம்பி இரண்டு நாள் முன்பு நான் அழுதிருக்கிறேன். இருவருக்கும் தெரியாத ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒருவர் கலாஸ் என்று சொல்ல, இன்னொருத்தி அழ, நல்ல கூத்து.

உள்ளேயிருந்து அரபி அதிகாரி ஒருவர் வந்து தாளைப் படித்தார். 'வண்டியைப் பெற்றுக்கொண்டேன், பழுது பார்த்த வேலை திருப்தி' என்பது மட்டும்தான் அதில் இருந்தது. மதிப்புக் குறைந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெரியவர் அவரிடம் அரபியில் கொஞ்ச நேரம் பேசினார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "இடித்தவன் நான். இந்தப் பெண்ணுக்கு நான் வைத்த குறையைத் தீர்க்கத்தானே உங்களுக்கு வருடா வருடம் கட்டுகிறேன் என்றேன்" என்றார். என் விண்ணப்பத்தையும் அங்கேயே உட்கார்ந்து, முத்து முத்தான அரபியில் அவரே எழுதிக் கொடுத்தார்.

பார்க்கிங் வரை கூட நடந்தேன். அவர் காரைப் பார்த்ததும் எனக்கு நடை நின்றுவிட்டது. பானட் அன்று நசுங்கியபடியே இருந்தது. கயிறு போட்டுக் கட்டியிருந்தார். விளக்கின் மேல் டேப். அவர் எடுத்திருந்தது அடுத்தவர் வண்டிக்கு மட்டும் பணம் தரும் பாலிசி. சிவப்புத் தாள்காரரின் சொந்த வண்டிக்கு அதில் ஒன்றும் கிடையாது. பச்சைத் தாளோடு நான் பெருமையாக வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவர் அந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

கம்பெனி தன் ஆளை அனுப்பி ஒரு தடவை பார்த்தது, இரண்டு தடவை காகிதம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் பெரியவர் போனில் வழி சொன்னார். ஐந்தாவது வாரம், கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. துணிக்கடைக்காரர் குறைத்துச் சொன்ன விலையோடு சேர்த்தால் லோனுக்குப் போதும். கார் அந்தக் கீழக்கரைக்காரரின் மகளுக்கே போனது.

கிளம்புவதற்கு முந்தின வாரம், மகளோடு ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். பானட்டைச் சரிசெய்ய என்னால் முடிந்ததைத் தருகிறேன் என்று மெல்ல ஆரம்பித்தேன். "சிவப்புத் தாள் எனக்குத்தானே கொடுத்தார்கள்" என்று சிரித்து முடித்துவிட்டார். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். டம்ளரை நீட்டிய கையில், மணிக்கட்டிலிருந்து பாதி முன்கை வரை தோல் வெளிறி, வெந்து ஆறிய தழும்பு. என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே மேசை மேலிருந்த பிளாஸ்கையும் தன் கையையும் காட்டினார். மீதியைப் பெரியவர்தான் தயங்கிச் சொன்னார். அன்று காரில் பிளாஸ்க் மூடி கழன்று கொதிக்கும் தேநீர் கையில் கொட்டியிருக்கிறது. அந்த அலறலுக்குத் திரும்பிய ஒரு நொடியில்தான் பெரியவர் என் மேல் மோதியிருக்கிறார்.

போலீஸிடமும் அவர் அதைச் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. கிளினிக்கில் வேலை பார்க்கிறவள் நான். ஒரு பெண் கையை மடிக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தும், என் பம்பரைத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்தக் கையை என் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, "மாலேஷ்" என்றேன். அரபியில் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான், அதையும் பெரியவரிடமிருந்தே கற்றிருந்தேன்.

இப்போது கோபாரில் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இந்தப் பெருநாளுக்குப் பெரியவரிடமிருந்து வாழ்த்து வந்தது. திரையில் 'இடிச்ச ஆள்' என்று வந்ததைப் பார்த்து, "அம்மா, அந்தப் பேரை மாத்தும்மா, பாவம்" என்றாள் மகள். மாற்ற மாட்டேன் என்றேன். அந்தப் பெயர் என் வாய்க்கு நானே எழுதிக்கொண்ட சிவப்புத் தாள். யாரிடமாவது குரலை உயர்த்தப் போகும்போதெல்லாம், மூடி திறந்து என் முன்னால் நீட்டப்பட்ட, நான் வாங்காமல் விட்ட அந்தத் தண்ணீர் பாட்டில் கண்முன்னே வந்து நிற்கிறது.