குளிர்கிடங்குக்கு வெளியே

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் சோதனைப் பிரிவில் இருந்தபோது, கடலுக்கடியில் மீன் கூட்டத்தைக் காட்டும் படகுக் கருவி ஒன்றைச் செய்தோம். பனி உறையும் நாட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். கையில் இருந்தது ஒரே ஒரு மாதிரி. அதைச் சாலிடர் செய்து பூட்டியவர் கோவில்பதாகையிலிருந்து வந்த ஒரு பெண், தற்காலிகப் பணியாளர். ஆர்டர் கிடைத்தால் அவருக்கு வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

குளிரைத் தாங்குமா என்று பார்க்க, நசரத்பேட்டையில் ஒரு மீன் குளிர்கிடங்கைப் பிடித்தேன்; அவரும் கூட வந்தார். கிடங்குக்காரர் சிரித்தார்.

"இன்னா சார், மீன் வெக்கிற ரூமுல மீன் தேடுற மிஷினா? இங்க கீறது எல்லாம் செத்த மீனு சார்!"

மைனஸ் பதினெட்டு டிகிரியில் கருவி ஆறு மணி நேரம் இருந்தது. உள்ளேயே ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தோம், ஓடியது. அணைத்து, வெளியே மே மாத வெயிலுக்குக் கொண்டுவந்தேன். மேலே துடைத்துவிட்டு, "இன்னொரு தடவை போடும்மா" என்றேன்.

படீரென்று ஒரு சத்தம். கருகிய வாடை.

மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர். யாரோ செம்பில் மொண்டு ஊற்றியது போலப் பலகை முழுவதும் ஈரம். ஆறு மணி நேரக் குளிரில் பிழைத்தது, நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே படிந்து ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. சோதனைக்காகப் பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். எந்தத் திருகை எப்போது கழற்றுவது என்பதுகூட அதில் இருந்தது. வெளியே எடுத்தபின் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை.

"என் சாலிடர்தான் சரியில்லையா சார்?" அவர் பலகைமேல் குனிந்தார்.

"இல்லம்மா. போடச் சொன்னது நான்."

ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "பால் பாக்கெட்ட ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்தா கவருதானே சார் வேர்க்குது? பாலு அப்படியேதானே கீது?"

கருகியது ஒரு டிரான்சிஸ்டர் மட்டும். அதை மாற்றி, இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனோம். இம்முறை குளிர் அறைக்குள்ளேயே அவர் கருவியைப் பாலிதீன் உறையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வாயைக் கட்டினார். வெளியே வந்ததும் உறைமேல் தண்ணீர் வழிந்தது. உறையைப் பிரிக்க நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க சார்!"

உறை காய மூன்று மணி நேரம் ஆனது. பிரித்தோம். உள்ளே பொட்டு ஈரமில்லை. ஸ்விட்சைப் போட்டதும் திரை எரிந்தது.

அறிக்கையில் இரண்டு சோதனைகளையும் எழுதினேன். முதல் தவறுக்கு நேராக, கம்பெனியில் ஆளுக்கொன்றாகத் தரும் டோக்கன் எண்ணில் என்னுடையது, உறை யோசனைக்கு நேராக அவருடையது. ஆர்டர் வந்த மாதம் அவருடைய எண் மாறியது. நிரந்தரப் பணியாளர் வரிசையில் புது எண்.