சாமித்தம்பி கழற்றி அடுக்கிய சுவர்

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிபோல, உசாந்தி தன் ஸ்கூட்டியைச் சித்தாண்டிக்கு அப்பால் வாவியை ஒட்டியிருந்த குடியிருப்பில் நிறுத்தினாள். கையில் அளவு நாடா. தோள்பையில் இருபத்தொன்பதாம் இலக்க வீட்டின் ஆவணக் கோவை. வீடமைப்பு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருப்பவள் அவள். அரசாங்க உதவியில் கட்டப்படும் வீடுகளைக் கட்டம் கட்டமாகப் போய்ப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது அவளுடைய வேலை. அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் அடுத்த கட்டத்துக்கான பணம் வரும்.

அன்று பார்க்க வேண்டியிருந்தது சாமித்தம்பி என்ற மீனவரின் வீடு. கோவையின்படி நாலு சுவரும் லிண்டல் மட்டம் வரை, அதாவது கதவு ஜன்னல்களின் தலை வரைக்கும், எழும்பியிருந்தன. லிண்டலுக்குக் கம்பி கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டால் கொங்கிரீட் போட அனுமதிக்கலாம்.

படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வளவுக்குள் சுவர் இல்லை.

அத்திவாரம் மட்டும் கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் சீமெந்துக் கற்கள் இடுப்பளவு உயரத்துக்கு ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கல்லிலும் ஒட்டியிருந்த சாந்தை யாரோ கத்தியால் சுரண்டி எடுத்திருந்தார்கள். உடைந்த கற்கள் தனியாக ஒரு குவியல். துருப்பிடித்த கம்பிகளை ஒரு படங்கால் மூடியிருந்தார்கள். வேறு வளவுக்கு வந்துவிட்டேனோ என்று உசாந்தி கோவையை எடுத்து இலக்கத்தைப் பார்த்தாள். இலக்கம் சரியாகத்தான் இருந்தது.

அத்திவாரத்துக்குப் பக்கத்தில் குடும்பம் தங்கியிருந்த கொட்டிலுக்குள்ளிருந்து சாமித்தம்பி வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சுவர நான்தான் களட்டினன் மிஸ்," என்றார். "மாரி வெள்ளத்துல அத்திவாரத்துக்குப் பக்கத்து மண் கரைஞ்சிட்டுது. வாவிப் பக்கத்துச் சுவர் கொட்டில் பக்கமாச் சரிஞ்சி வந்திச்சி, மத்த மூணும் வெடிச்சிட்டுது. புள்ளையள் அதுக்குக் கீழதான் படுக்கிற. விழுந்தா என்ன செய்யிற? அதான் ஒவ்வொரு கல்லாக் களட்டி அடுக்கி வச்சிரிக்கன். ஒரு கல்லும் விக்கயில்ல. வேணுமெண்டா எண்ணிப் பாருங்க."

உசாந்தி குனிந்து ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"குறை நினைக்காதீங்க மிஸ்," என்றார் அவர் மறுபடியும். "இவ்வளவு தூரம் வந்திரிக்கீங்க. பார்க்கிறதுக்குச் சுவர் இல்லாமப் போச்சி."

இதைக் கேட்டதும் அடுப்படியிலிருந்து அவர் மனைவி சீனிப்பிள்ளை வெளியே வந்தாள்.

"நீங்க என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கிற?" என்று கணவனிடம் கேட்டாள். பிறகு உசாந்தியின் பக்கம் திரும்பினாள். "சுவரப் பார்க்க வரச் சொல்லிக் கடிதம் குடுத்து ஏழு மாசம் மிஸ். மூணு தரம் உங்கட கந்தோருக்கு வந்தன். வாறன் வாறன் எண்டு சொல்லி வராம இரிந்தது ஆரு?"

அவள் சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அதனாலேயே உசாந்தியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொழும்பில் கோவை தாமதம் என்று வழக்கமாகச் சொல்லும் பதில் நாக்கு நுனிவரை வந்தது. அடுக்கியிருந்த கற்களைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

அளவு நாடாவை எடுக்காமலேயே திரும்பினாள். தன்னாமுனையில், வழக்கமாகச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையைத் தாண்டிப் போய்விட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை. நேரே மட்டக்களப்பு அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

உசாந்தி சோம்பேறி இல்லை. அவளைத் தெரிந்த எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் அவளுடைய வகுப்பில் பதினாலு பேர் படித்தார்கள், அதில் பெண் பிள்ளை அவள் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேசன்மார் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு வருடத்துக்குள் அவள் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டாலே சீமெந்துக் கலவையைத் திரும்பக் கலக்கத் தொடங்கினார்கள். தான் கையெழுத்துப் போட்ட வீடு ஒன்றிலும் வெடிப்பு விழவில்லை என்பது அவளுக்குப் பெருமை. அதற்காகத்தான் ஒவ்வொரு வீட்டையும் தானே போய்ப் பார்த்தாள். மூன்று பிரதேசப் பிரிவுக்கும் அவள்தான், அலுவலகத்தில் இருந்த மற்ற இரண்டு உத்தியோகத்தர்களுக்கு வேறு பிரிவுகள். இடையில் பயிற்சி வரும், தேர்தல் கடமை வரும், வெள்ளம் வந்தால் நிவாரணக் கணக்கெடுப்பு வரும். முடிந்தபோது போனாள்.

மறுநாள் காலை அந்தக் குடியிருப்பின் நாற்பத்து மூன்று கோவைகளையும் மேசையில் எடுத்து வைத்தாள். மேசன் வேலை தொடங்கிய திகதி, முடித்த திகதி, கடிதம் வந்த திகதி, தான் போன திகதி, பணம் வந்த திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினாள். கொழும்பு எத்தனை நாளை விழுங்கியது என்று காட்டி, மேலிடத்துக்குக் காரமாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் எழும்பவில்லை.

சாமித்தம்பியின் வீட்டில் வேலை நடந்தது மொத்தம் முப்பத்தெட்டு நாள். வேலையில்லாமல் காத்துக் கிடந்தது இருநூற்று எழுபது நாளுக்கு மேல். அதில் கொழும்பு எடுத்தது முப்பத்தொரு நாள். மற்ற எல்லா நாளும் ஒரே ஆளுக்காகக் காத்திருந்த நாட்கள். அடுத்த கோவையும் அப்படித்தான். அதற்கடுத்ததும். நாற்பத்து மூன்று குடும்பமும் மாதக்கணக்காக எதிர்பார்த்துக்கொண்டிருந்தது பணத்தையோ சீமெந்தையோ மேசனையோ அல்ல. உசாந்தி எப்போது வருவாள் என்றுதான்.

சட்டம் அப்படி, நான் என்ன செய்ய, என்று மனம் சொன்னது. சரி, அந்தச் சட்டத்தையாவது பார்ப்போம் என்று சுற்றுநிருபத்தைத் தேடி எடுத்து வாசித்தாள். ‘தகுதியுள்ள உத்தியோகத்தர் ஒருவர் பரிசோதித்தல் வேண்டும்’ என்று மட்டும்தான் அதில் இருந்தது. இன்ன உத்தியோகத்தர்தான் என்று இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும் என்றும் இல்லை. அப்படியானால் இந்த நடைமுறை எங்கிருந்து வந்தது? பழைய கோப்பு ஒன்றின் அடியில் அதற்கான கடிதம் கிடைத்தது. ஏழு வருடத்துக்கு முந்தியது. ‘எனது நேரடிப் பரிசோதனையின்றி எந்த வீட்டுக்கும் அடுத்த கட்ட வேலை அனுமதிக்கப்படலாகாது.’ கீழே இருந்த கையெழுத்து அவளுடையதுதான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மாவட்டப் பொறியியலாளர் ஹலீமின் அறைக்குப் போனாள். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர் அவர்.

"என்ன புள்ள, முகம் பேயறைஞ்ச மாதிரி இரிக்கி?" என்றார் ஹலீம்.

"இந்தக் கடிதம் நான் எழுதினது சேர்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "ஓம். அங்கீகரிச்சது நான்தான். அந்த நேரம் ஒரு வீட்டு லிண்டலுக்குள்ள கம்பியே வைக்காமக் கொங்கிரீட் போட்டிருந்தானுகள். நீ கண்டுபிடிச்சாய். அப்ப எழுதினது சரிதானே."

"அப்ப எனக்கு முப்பது வீடு சேர். இப்ப நூத்தி ஐம்பது."

திகதிகள் எழுதிய தாளை அவர் முன்னால் வைத்தாள். ஹலீம் மேலிருந்து கீழே வாசித்தார். மறுபடியும் மேலே போனார். தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் குடிக்காமலேயே கீழே வைத்தார்.

"இது நம்மடதான?" என்று கேட்டார். "கொழும்புக்காரனுகள்ட கணக்கில்லியே?"

"நம்மடதான் சேர்."

ஹலீம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை உசாந்தி திரும்பவும் குடியிருப்புக்குப் போனாள். இந்தத் தடவை ரதீஸைப் பார்க்க. அங்கே பாதிக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்த மேசன் அவன். வேலையைச் சுறுக்காக முடிக்க என்ன செய்யலாம் என்று அவனிடம் கேட்டாள். ரதீஸ் யோசிக்கவே இல்லை.

"எல்லா வீட்டுக் கதவும் ஜன்னலும் ஒரே அளவுதானே மிஸ். லிண்டல வீட்டுக்கு வீடு மேல ஏறி நிண்டு போடத் தேவல்ல. இந்த வெட்டை வெளியில பலகை அடிச்சி எல்லாத்தையும் ஒண்டா வார்க்கலாம். நீங்க ஒரு காலைல வந்தா நாப்பத்து மூணு வீட்டுக் கம்பியையும் பார்த்துப் போடலாம். காய்ஞ்ச பொறகு தூக்கி வைக்கிறதுதானே."

உசாந்தி அவனையே பார்த்தாள். "இத எப்ப யோசிச்ச நீங்க?"

"நாலு வருசமாச் சொல்லணும் எண்டுதான் இரிந்தன். ஆரும் கேக்கல்லியே."

அந்த நாட்களில் அவளுக்கு விழுந்த அடிகளில் இதுதான் பலமானது என்று பிறகு ஹலீமிடம் சொன்னாள்.

மாதாந்தக் கூட்டத்தில் அவள் எழும்பி நின்று, தாளைப் பார்த்து நாட்களை வாசித்தாள். இந்தத் தாமதத்துக்குக் காரணம் தான்தான் என்று சொன்னாள். தன் பழைய கடிதத்தை இரத்துச் செய்ய வேண்டும் என்றாள். மதுரன் என்ற இளம் உத்தியோகத்தர், நான் பார்க்காத வீட்டுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது, நாளைக்கு விழுந்தால் மறியலில் கம்பி எண்ணுவது யார், என்று கேட்டார். நியாயமான கேள்விதான். யாரும் பார்க்காமல் போடச் சொல்லவில்லை என்றாள் உசாந்தி. ஒவ்வொரு குடியிருப்புக்கும் கிழமையில் ஒரு நாள் நிச்சயமாக ஒருவர் போவது. அன்று ஆயத்தமாக இருக்கிற எல்லா வீட்டையும் அவரே பார்ப்பது, வீட்டுக்காரரின் கடிதத்துக்குக் காத்திராமல். அவர் போக முடியாவிட்டால் மற்ற இரண்டு உத்தியோகத்தர்களில் ஒருவர் போவது. லிண்டல்களை ஒரே இடத்தில் வார்ப்பது. கையெழுத்தை அங்கேயே போட்டுவிட்டு வருவது.

ஹலீம் பழைய கடிதத்துக்குக் குறுக்கே கோடிழுத்து, இரத்துச் செய்யப்பட்டது என்று எழுதித் திகதி போட்டார்.

எல்லாம் நினைத்தபடி நடந்துவிடவில்லை. முதல் தடவை வார்த்த லிண்டல்களில் ஆறு வெடித்தன, அவற்றை உடைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியிருந்தது. ஒரு குடும்பம் அத்திவாரத்தை விட்டுவிட்டு ஏற்கெனவே வாகரைக்குப் போய்விட்டது. உசாந்தி தேடிப் போனபோது, இனி வேண்டாம் மிஸ், காத்திருக்க ஏலா, என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாமித்தம்பியின் சுவருக்கு இன்னொரு சிக்கல். ஒரே சுவருக்கு இரண்டு தரம் பணம் கொடுக்க முடியாது என்றது கணக்குப் பிரிவு. அதை வெள்ளச் சேதமாக எழுதி, படங்களோடு ஹலீமே கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பத்தொன்பதாம் நாள் அனுமதி வாங்கி வந்தார். ரதீஸ் அடுத்த நாளே அத்திவாரத்தைச் சுற்றி மண்ணை இறுக்கிவிட்டு, சுவருக்கு நூல் பிடித்தான்.

சித்திரை பிறந்து மூன்று கிழமையில் சுவர் எழும்பியது. வைகாசியில் கூரை. ஆனி மாதம் முடிவதற்குள் குடியிருப்பில் முப்பத்தொரு வீடுகளுக்கு ஓடு போட்டாகிவிட்டது. ரோட்டில் நின்று பார்த்தால் ஓடுகள் ஒரே வரிசையாகச் சிவந்து தெரிந்தன.

ஆடி மாதத்துக்கு முன் சாமித்தம்பி வீட்டில் குடிபூரல். உசாந்தியையும் ஹலீமையும் அழைத்திருந்தார்கள். பால் பொங்கி வழிந்தபோது சாமித்தம்பி துவாயால் கண்ணைத் துடைத்தார். புகை என்று சொன்னார். பிள்ளைகள் அறைக்கும் முற்றத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு சீனிப்பிள்ளை உசாந்தியின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ஒண்டு கேக்கவா மிஸ்? இவ்வளவு சுறுக்கா முடிக்க ஏலுமெண்டா, முந்தி ஏன் முடிக்கல்ல?"

ஹலீம் எதையோ சொல்ல வாயெடுத்தார். உசாந்தி முந்திக்கொண்டாள்.

"என்னாலதான் அக்கா. நான் வந்து பார்த்தாத்தான் வேலை நடக்கலாம் எண்டு நானே ஒரு கடிதம் எழுதி வச்சிரிந்தன். மறுகா அத நானே மறந்துபோனன். உங்கட சுவர் களட்டினதுக்குக் காரணம் அந்தக் கடிதந்தான்."

சீனிப்பிள்ளை திகைத்துப் போனாள். எத்தனையோ கந்தோர்ப் படிகளில் ஏறி இறங்கியவள் அவள். கொழும்பு, வெள்ளம், தேர்தல், முத்திரை இல்லை, ஆள் லீவு என்று எல்லாப் பதிலும் கேட்டிருக்கிறாள். என்னால்தான் என்று ஒருவர் சொல்லி அவள் கேட்டதே இல்லை. எழும்பிப் போய்ப் பானையைக் கொண்டுவந்து, உசாந்தியின் பீங்கான் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பாற்சோறு வைத்தாள்.